இயந்திரத்தைப் பற்றிப் பேசிய இருவர்

1931ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். இரண்டாம் வட்டமேசை மாநாட்டிற்காக லண்டன் சென்றிருந்த காந்தியடிகள், அந்நகரின் கிழக்குப் பகுதியில், உழைக்கும் மக்களிடையே தங்கியிருந்தார். அங்கே இந்திய மருத்துவர் ஒருவரின் எளிய வீட்டில் அவரைக் காண வந்தார் சார்லி சாப்ளின். இந்திய விடுதலையைத் தாம் ஆதரிப்பதாகச் சொன்ன சாப்ளின், காந்திக்கு இயந்திரத்தின்மேல் ஏன் இத்தனை வெறுப்பு என்று வினவினார். இந்தியாவை இங்கிலாந்தின் கையை எதிர்பார்க்க வைத்ததே இயந்திரம்தான் என்றும், ஆகவே ஆலைத் துணியை விலக்கித் தமக்குரிய நூலைத் தாமே நூற்பது இந்தியரின் கடமை என்றும் காந்தி விடையளித்தார். 1964இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் சாப்ளின் இவ்வுரையாடலைப் பதிவு செய்திருக்கிறார். சந்திப்பு நிகழ்ந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1936இல், பற்சக்கரங்களுக்கிடையே ஒரு தொழிலாளி உருண்டு செல்லும் 'மாடர்ன் டைம்ஸ்' வெளிவந்தது.

இதன் பின்கதைதான் நம்மை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. 1981இல் சாப்ளினின் நாடோடி உருவம் ஐ.பி.எம். கணினியை விற்க வந்தது. 1997இல் காந்தியின் உருவம் ஆப்பிள் கணினியை விற்க வந்தது. அப்போது இருவருமே உயிரோடு இல்லை. இயந்திரத்தைப் பற்றி ஐயம் எழுப்பிய இருவரையே தேடிப் பிடித்து இயந்திரத்தின் முகங்களாக்கிய இந்தத் தேர்வைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட மனம் ஒப்பவில்லை.

இலக்கியம் கற்பிப்பவர்க்கு விளம்பரத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். பொருள் பெற்றுக்கொண்டு புகழ் பாடுவது நம் மரபுக்குப் புதிதன்று. பாடாண் திணை அதற்கென்றே வகுக்கப்பட்டது. அப்பாடல்களை நாம் ஆராயும்போது புரவலன் எவ்வளவு கொடுத்தான் என்று கணக்கிடுவதில்லை. புலவர் எதை உவமையாக எடுத்தார், எதைச் சொல்லாமல் விட்டார், கேட்பவனை எங்கே நிறுத்தினார் என்றே பார்க்கிறோம். கணினி விளம்பரங்களையும் அவ்வாறே பார்க்கலாம் என்பது நம் கருத்து. பார்த்தால், மனிதனின் கைக்கும் அவன் செய்த கருவிக்கும் இடையே உள்ள உறவு நாற்பது ஆண்டுகளில் எவ்வாறு திரிந்தது என்னும் வரலாறு அவற்றில் கிடைக்கிறது.

* * *

1981 ஆகஸ்டு 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை 1,565 டாலர் தொடக்க விலையில் அறிமுகம் செய்தது. அதுவரை அரசுகளுக்கும் வங்கிகளுக்கும், ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் பெருங்கணினிகளை விற்றுப் பெயர்பெற்ற நிறுவனம் அது. கடைக்குப் போய் அதன் பொருளை வாங்கலாம் என்று சாதாரண மனிதன் கனவிலும் எண்ணியதில்லை. கணினி என்றாலே கணிதம் கற்றவர்க்குரியது, நமக்கன்று என்ற அச்சம் பரவியிருந்த காலம். அவ்வச்சத்தைப் போக்க அந்நிறுவனத்தின் விளம்பர முகமை தேர்ந்தெடுத்த உருவம், கந்தலான கோட்டும் தொளதொளத்த கால்சட்டையும் கைத்தடியும் கொண்ட சாப்ளினின் நாடோடி. பில்லி ஸ்கடர் என்னும் நடிகர் அவ்வேடத்தை ஏற்றார். சாப்ளின் குடும்பத்தாரிடம் முறையாக உரிமை பெறப்பட்டிருந்தது. 'நவீன காலத்திற்கு ஒரு கருவி' என்ற பொருளில் அமைந்த விளம்பர வாசகம், படத்தின் பெயரையே தனக்குள் ஏற்றுக்கொண்டது.

கலை நோக்கில் இது மிகத் தேர்ந்த தேர்வு என்பதை மறுப்பதற்கில்லை. நாடோடி தடுமாறுபவன். எந்தப் பொருளைத் தொட்டாலும் கீழே போடுபவன். இவனால் இயக்க முடியுமென்றால் நம்மாலும் முடியும் என்று பார்ப்பவர் நெஞ்சில் துணிவு பிறக்கிறது. பெருநிறுவனம் தன் மிடுக்கை மறைத்து ஏழையின் கிழிந்த செருப்பை அணிந்து வாயிலில் நிற்கிறது. விளம்பரங்களில் நாடோடியின் கையில் ரோசாப்பூ ஒன்றும் இருந்தது. பூவை ஏந்திய கை அச்சுறுத்துவதில்லை அல்லவா?

ஆனால் எது விடுபட்டது என்றும் கேட்க வேண்டும். மூலப்படத்தில் அந்த நாடோடி, ஓடிக்கொண்டேயிருக்கும் பட்டையில் திருகாணிகளை முடுக்கி முடுக்கி, வேலை நின்ற பிறகும் கை தானாகவே முடுக்கும் நிலைக்கு ஆளாகிறான். உணவு இடைவேளையையும் மிச்சப்படுத்தும் நோக்கில் அவனுக்கு ஊட்டும் பொறி ஒன்று வருகிறது. அது பழுதுற்று அவன் முகத்திலேயே அறைகிறது. 1952இல் சாப்ளின் லண்டன் செல்லக் கப்பல் ஏறியதும், அவர் அமெரிக்காவுக்குத் திரும்பி வருவதற்கான அனுமதியை அந்நாட்டு அரசு விலக்கிக்கொண்டது. அந்த மனிதரின் உருவத்தை அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்று அணைத்துக்கொண்டது. படத்தின் கேள்வி கழற்றி எறியப்பட்டது. தொப்பியும் தடியும் மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டன. எனினும் நாடோடியின் கை அவ்விளம்பரங்களில் நாடோடியின் கையாகவே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்வோம். கருவி அவனுக்குப் பணிந்திருந்தது.

* * *

அடுத்து வந்த விளம்பரத்தில் கையில் பூ இல்லை, சம்மட்டி இருந்தது.

1984 சனவரி 22. அமெரிக்கக் கால்பந்தின் பெரும்போட்டியான சூப்பர் பவுலின் மூன்றாம் கால் பகுதியில் அறுபது நொடி ஓடிய ஒரு படம். சாம்பல் உடையில் தலை மழித்த மனிதர் வரிசை வரிசையாக அமர்ந்து, பெருந்திரையில் உறுமும் ஒரு முகத்தை வெறித்துப் பார்க்கின்றனர். வெண்ணிற மேற்சட்டை அணிந்த பெண்ணொருத்தி, காவலர் துரத்த, சம்மட்டியுடன் ஓடி வருகிறாள். சுழற்றி எறிகிறாள். திரை வெடித்துச் சிதறுகிறது. இரண்டு நாட்களில் மக்கின்டோஷ் கணினி வரவிருக்கிறது, 1984ஆம் ஆண்டு ஏன் '1984' போல இருக்காது என்று அப்போது அறிவீர்கள் என்பதாக ஒரு குரல் ஒலிக்கிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட நாவலை மனத்திற்கொண்டு அமைந்த இவ்விளம்பரத்தை இயக்கியவர் ரிட்லி ஸ்காட். உருவாக்கிய முகமை ஷையட் டே. சம்மட்டி எறிந்தவர் ஆன்யா மேஜர் என்னும் விளையாட்டு வீராங்கனை. ஆப்பிளின் இயக்குநர் குழுவுக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. வாங்கிய ஒளிபரப்பு நேரத்தையே விற்றுவிடச் சொன்னார்கள். முகமை ஒரு பகுதியை விற்றுவிட்டு, அறுபது நொடியை மட்டும் வைத்துக்கொண்டது.

இதில் கணினி காட்டப்படவேயில்லை. அப்பெண்ணின் மேற்சட்டையில் அதன் கோட்டுருவம் மட்டும் உண்டு. பொருளைக் காட்டாமல் பொருளின் பயனைக் காட்டுவது என்னும் துணிவு அன்று புதிது. திரையில் உறுமியவர் யார் என்று பெயர் சொல்லப்படவில்லை. ஆயினும் பூவேந்திய நாடோடியை அனுப்பிய அதே ஐ.பி.எம். என்பதைப் பலரும் உணர்ந்தனர். சொல்லாமற் சொல்லும் இந்த உத்தி நம் அகப்பாடல்களில் பழகியோர்க்கு எளிதில் விளங்கும்.

குறை எங்கே? அமர்ந்திருந்த கூட்டத்தில்தான். விடுவிக்கப்பட வேண்டிய அம்மனிதர்களுக்கு முகம் இல்லை, குரல் இல்லை, தாமாக எழும் ஆற்றலும் இல்லை. விடுதலை ஒருத்தி வெளியிலிருந்து கொண்டுவந்து எறிவதாக இருக்கிறது. பார்ப்பவர் தம்மை அப்பெண்ணாக எண்ணிக்கொண்டதால் இக்குறை அன்று தெரியவில்லை. அடுத்த ஆண்டே தெரிந்தது.

வரலாறு இவ்விளம்பரத்திற்கு இன்னொரு விடையும் வைத்திருந்தது. 2020 ஆகஸ்டு 13 அன்று, கடைக்கட்டணம் தொடர்பான பூசலில் தன் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டு ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து நீக்கப்பட்டதும், எபிக் கேம்ஸ் நிறுவனம் இதே காட்சியைக் கேலிப்படமாக்கி வெளியிட்டது. அதில் திரையில் உறுமிய முகம் ஆப்பிளினுடையது. சம்மட்டி எறிந்தவர் முப்பத்தாறு ஆண்டுகளில் திரைக்குள் போய்விட்டார்.

* * *

1985 சனவரி 20. மீண்டும் சூப்பர் பவுல், மீண்டும் ஷையட் டே. இம்முறை இயக்கியவர் ரிட்லி ஸ்காட்டின் தம்பி டோனி ஸ்காட். அலுவலகங்களுக்கான மக்கின்டோஷ் இணைப்பு அமைப்பை விற்பது நோக்கம். அலுவலக உடையணிந்து, கண்களைக் கட்டிக்கொண்ட ஆண்களும் பெண்களும் கைப்பெட்டியுடன் ஒருவர் தோளை ஒருவர் பற்றி நடக்கின்றனர். டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தில் குள்ளர் பாடும் வேலைப்பாட்டு, சாவுப்பாட்டுப் போல மெதுவாக ஒலிக்கிறது. ஒருவர்பின் ஒருவராக மலை விளிம்பிலிருந்து விழுகின்றனர். கடைசியில் ஒருவர் மட்டும் கட்டை அவிழ்த்துப் பார்த்து நிற்கிறார். விளம்பரத்தின் பெயர் 'லெமிங்ஸ்'.

யாருக்கு விற்க வந்தார்களோ, அவர்களையே கண் கட்டிய கூட்டமாகக் காட்டினார்கள். முந்தைய ஆண்டு பார்ப்பவர் சம்மட்டி ஏந்தியிருந்தார். இப்போது பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தார். இரண்டு படங்களுக்கும் கருப்பொருள் ஒன்றே, கூட்டத்தை இகழும் மனப்பாங்கும் ஒன்றே. மாறியது கேட்பவனை நிறுத்திய இடம் மட்டுமே. வாயிலில் நின்று பரிசில் கேட்கும் புலவன், கதவைத் திறந்த வீட்டுக்காரனை மூடனே என்று விளித்தால் எப்படியிருக்கும்? அலுவலகங்களில் கணினி வாங்கும் பொறுப்பிலிருந்தவர்கள் சினம் கொண்டனர்.

உவமையும் பொய்யானது. லெமிங் என்னும் சிறு கொறிணிகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்வதில்லை. அந்நம்பிக்கையைப் பரப்பியதில் டிஸ்னி நிறுவனத்தின் 1958ஆம் ஆண்டு ஆவணப்படம் ஒன்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அதில் அவ்விலங்குகள் படக்குழுவினராலேயே விளிம்பிலிருந்து தள்ளிவிடப்பட்டன. அவை தாமாகவே குதித்தன என்று கதை கட்டப்பட்டது. தள்ளிவிட்டவர் பழியை விழுந்தவர்மேல் ஏற்றும் கதையைக் கொண்டே அலுவலர்களை இகழ்ந்தது இவ்விளம்பரம். அந்த ஆண்டில் ஆப்பிள் ஏறத்தாழ 1,200 பணியாளரை நீக்கியது. செப்டம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியேறினார். இவற்றுக்கு விளம்பரம் காரணமன்று. விளம்பரப்படுத்திய அமைப்பே முழுமையாக ஆயத்தமாகாதிருந்தது, விற்பனை சரிந்தது, உட்பூசல் முற்றியது. ஆயினும் வாங்குபவரை இகழ்ந்த நிறுவனத்திற்கு அந்நேரத்தில் நண்பர் எவரும் வாய்க்கவில்லை என்று சொல்லலாம்.

* * *

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1997ஆம் நிதியாண்டில் நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பைச் சந்தித்திருந்த ஆப்பிளுக்கு ஜாப்ஸ் திரும்பி வந்தார். புதிய கணினி எதுவும் அப்போது கையில் இல்லை. ஆகவே பொருளை விடுத்து மனிதர்களைக் காட்டினார்கள். 1997 செப்டம்பர் 28 அன்று ஒளிபரப்பான 'திங்க் டிஃபரண்ட்' விளம்பரத்தில் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பதினேழு பேர் வந்தனர். ஐன்ஸ்டைன், பாப் டிலன், மார்ட்டின் லூதர் கிங், எடிசன், முகமது அலி, பிக்காசோ என்று நீளும் அவ்வரிசையில் காந்தியும் ஒருவர். 'சிந்தி' என்பதை நெடுங்காலம் தன் தாரக மந்திரமாகக் கொண்டிருந்த ஐ.பி.எம்முக்கு விடைபோலவும் அமைந்தது இவ்வாசகம். வினையடை வர வேண்டிய இடத்தில் பெயரடை வந்துவிட்டதே என்று அமெரிக்க இலக்கண ஆசிரியர்கள் முறையிட்டனர். நம் இனத்தவர் உலகெங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றனர்!

சுவரொட்டிகளில், தரையில் இடுப்புத் துணியுடன் அமர்ந்து கையிலுள்ள தாள்களைப் படித்துக்கொண்டிருக்கும் காந்தி தோன்றினார். மூலையில் வண்ண ஆப்பிள் சின்னம்.

உவமை பிறக்கும் இடங்களாக வினை, பயன், வடிவம், நிறம் என்னும் நான்கைத் தொல்காப்பியர் வகுத்துக் காட்டுவார். இந்தப் பதினேழு பேரையும் கணினியையும் இணைப்பது இந்நான்கில் எது? செய்த வினையும் அன்று, விளைந்த பயனும் அன்று. வேறுபட்டவர்கள் என்ற ஒன்றே பொதுத்தன்மை. எதிலிருந்து வேறுபட்டார்கள், எதற்காக என்னும் கேள்விகள் நீக்கப்பட்ட வேறுபாடு அது. உப்பெடுக்க நடந்தவரும் தொலைக்காட்சி நிறுவனம் தொடங்கியவரும் அங்கே ஒரே தட்டில் நிற்கின்றனர். விளம்பரம் உள்ளத்தைத் தொட்டது உண்மை. நம்மையும் தொட்டது. இறந்தோரின் படங்களை மௌனமாக நோக்கும்போது எவர் உள்ளமும் கனியும். அக்கனிவை விலைப்பட்டியலின் பக்கம் திருப்பிவிட்டதுதான் அதன் வெற்றி.

உண்மையான பொதுத்தன்மை ஒன்று இருந்தது. அவர்கள் அதைக் காணவில்லை என்பதே நம் முறையீடு. 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்னும் இளைஞர் தில்லியில் காந்தியைச் சந்தித்து, தாங்கள் இயந்திரம் அனைத்துக்கும் எதிரியா என்று கேட்டார். பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர் இவரே. இந்த உடம்பே நுட்பமான ஓர் இயந்திரம்தானே, இராட்டையும் இயந்திரம்தானே, நான் எதிர்ப்பது இயந்திர மோகத்தை என்றார் காந்தி. மனிதனே முதன்மை, அவனது உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் இயந்திரம் ஆகாது என்று அளவுகோலும் வகுத்தார். விலக்காகத் தையல் இயந்திரத்தைச் சுட்டினார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் கண்ட சிங்கரின் அன்பில் பிறந்தது அது என்பது அவர் சொன்ன காரணம். 1929இல், குடிசையில் கையாலோ காலாலோ இயக்கத்தக்க மேம்பட்ட இராட்டை ஒன்றை உருவாக்குபவருக்கு ஒரு லட்சம் ரூபாய்ப் பரிசை அகில இந்திய நூற்போர் சங்கம் அறிவித்தது; அதன் பின்னே இருந்தவரும் காந்தியே.

ஆலையிலிருந்து இயந்திரத்தை மீட்டு வீட்டுக்குள் கொண்டுவருவது, ஒருவர் அமர்ந்து தம் கையால் இயக்கும் அளவுக்கு அதைச் சிறிதாக்குவது என்பன அவர் தேடியவை. தனியாள் கணினியின் அடிப்படையும் இதுவேயன்றோ? பெருங்கணினி ஆலை என்றால், மேசைக் கணினி இராட்டை. இந்த ஒப்புமையைச் சொல்லியிருந்தால் காந்தியின் படத்திற்கு அச்சுவரில் உரிமை இருந்திருக்கும். சொல்ல வேண்டுமென்றால், அந்த இயந்திரம் மனிதனின் கையை என்ன செய்கிறது என்ற கேள்வியையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

* * *

கருவி அடங்கி நின்று மனிதனுக்கு இடம்விட்ட விளம்பரங்களும் உண்டு. 2013 நவம்பரில் கூகிள் இந்தியாவுக்காக வெளியிட்ட 'ரீயூனியன்' அவற்றுள் ஒன்று. பிரிவினையில் லாகூரை விட்டு வந்த முதியவர் தில்லியில் தம் பேத்தியிடம், இளமைத் தோழன் யூசுஃபோடு பட்டம் விட்டதையும் அவர்கள் கடையில் இனிப்புத் திருடித் தின்றதையும் சொல்கிறார். பேத்தி அச்சிறு குறிப்புகளைக் கொண்டு தேடி, கடையைக் கண்டுபிடித்து, தோழர்களைச் சேர்த்து வைக்கிறாள். யூசுஃபாக நடித்தவர், பிரிவினையின் துயரைச் சொன்ன 'கரம் ஹவா' படத்தை இயக்கிய எம். எஸ். சத்யு. நுழைவு அனுமதி பெறுவது இரு நாட்டு மக்களுக்கும் அவ்வளவு எளிதா என்று அன்றே கேட்டனர், கேட்டது நியாயமே. விளம்பரம் எல்லைக்கோட்டைத் தேடுபெட்டியின் ஒரு வரியாகச் சுருக்கிவிட்டது. ஆயினும் நினைவு தாத்தாவுடையது, அன்பு பேத்தியுடையது, தழுவிய கைகள் தோழர்களுடையவை. கருவி வழி மட்டும் காட்டி ஒதுங்கிக்கொண்டது. நம் ஆற்றுப்படை நூல்களில் வழி சொல்பவன் பரிசிலைத் தானே வாங்கிக்கொள்வதில்லை என்பதை இங்கே நினைக்கலாம்.

* * *

2024 மே 7. சம்மட்டி எறிந்து நாற்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன. புதிய ஐபேட் புரோவுக்காக ஆப்பிள் 'க்ரஷ்' என்னும் விளம்பரத்தை வெளியிட்டது. மாபெரும் அழுத்துபொறி மேலிருந்து மெல்ல இறங்குகிறது. அதன் கீழே எக்காளம், பியானோ, வண்ணக் குப்பிகள், சிற்பத் தலை, இசைத்தட்டுக் கருவி, படக்கருவி வில்லைகள். ஒவ்வொன்றாக நெளிந்து, வெடித்து, வண்ணம் பீறிட்டு நசுங்குகின்றன. உன்னைத் தவிர எனக்கெதுவும் வேண்டாம் என்னும் பொருளில் பழைய காதற்பாட்டு ஒலிக்கிறது. பொறி மேலெழும்போது அங்கே மெல்லிய ஒரு பலகை. இத்தனையும் இதற்குள் அடக்கம் என்பதே சொல்ல வந்தது.

இரண்டு நாளில் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பும் எண்ணத்தையும் கைவிட்டது. மனித அனுபவத்தையே அழிப்பதாக நடிகர் ஹியூ கிராண்ட் சாடினார். ஜப்பானியர் பலர் மனம் நொந்து எழுதினர். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கும் அந்நோவு புரியும். திரைக்கலைஞர் ஒருவர் அதே படத்தைப் பின்னிருந்து முன்னாக ஓட்டிக் காட்டினார். பலகையிலிருந்து பியானோ எழுகிறது, எக்காளம் நிமிர்கிறது. சொல்ல வந்தது அப்போதுதான் சரியாகச் சொல்லப்பட்டது. அடக்குதல் வேறு, நசுக்குதல் வேறு. விதை மரத்தை அடக்கியிருக்கிறது. உரல் நெல்லைக் குத்துகிறது. தவறு வினையைத் தேர்ந்ததில் நிகழ்ந்தது.

வியப்பு என்னவெனில், இந்தக் காட்சி புதிதே அன்று. 2008இல் எல்.ஜி. நிறுவனம் தன் ரெனுவார் கைப்பேசிக்காக ஏறத்தாழ இதே காட்சியைக் காட்டியிருந்தது. அன்று எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. இடையில் என்ன நிகழ்ந்தது? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. ஓவியரும் எழுத்தாளரும் தம் படைப்புகள் கேளாமலே பொறிகளுக்குப் பயிற்றப்பட்டன என்று வழக்குத் தொடுத்தனர். 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பொறி எழுத்துக்கு வரம்பு கட்டுவது அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. 2008இல் வேடிக்கையாக இருந்தது 2024இல் செய்தியாகிவிட்டது. படிமம் ஒன்றின் பொருள் படிமத்துக்குள்ளேயே இருப்பதில்லை, கேட்பவன் வாழும் காலத்திலும் இருக்கிறது என்று வகுப்பில் ஓயாமல் சொல்கிறோம். அதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது.

* * *

அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின்போது கூகிள் தன் ஜெமினி செயற்கை நுண்ணறிவுக்காக 'டியர் சிட்னி' என்னும் விளம்பரத்தை ஒளிபரப்பியது. ஒரு சிறுமி, தடையோட்ட வீராங்கனை சிட்னி மெக்லாக்லின்-லெவ்ரோனைப் போற்றுகிறாள். அவருக்கு மடல் எழுத விரும்புகிறாள். தந்தை, தமக்கே ஓரளவு நன்றாக எழுத வரும், ஆனால் இது மிகச் சரியாக அமைய வேண்டும் என்று சொல்லி, பொறியிடம் எழுதித் தரக் கேட்கிறார். எதிர்ப்பு எழுந்து, ஆகஸ்டு 2 அன்று ஒலிம்பிக் ஒளிபரப்பிலிருந்து அது விலக்கிக்கொள்ளப்படுவதாக அறிவிக்கப்பட்டது. முன்னோட்டச் சோதனையில் பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்ததாகவும் நிறுவனம் சொன்னது. ஆறு நாள் கழித்து, தன் காலால் ஓடி, அவ்வீராங்கனை 50.37 நொடியில் உலக சாதனை படைத்தார்.

சோதனையில் பிடித்திருந்தது என்பதை நாம் நம்புகிறோம். ஏனெனில் இவ்விளம்பரத்தில் வன்முறை இல்லை, அழுத்துபொறி இல்லை. அன்பான தந்தை, அழகான மகள். ஆயினும் 'க்ரஷ்' நசுக்கியதைவிட இது நசுக்கியது மிகுதி என்பது நம் துணிபு. ஒரு குழந்தையின் மடலுக்குச் 'சரியாக அமைதல்' என்று ஒன்று உண்டா? எழுத்துப் பிழையும் கோணல் வரியும்தானே அதன் சரி?

சென்ற ஆண்டு நம் துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர் பணி நிறைவு பெற்றார். மாணவர் வாழ்த்துரைகளை முன்னதாக வாங்கிப் படித்தோம். மூன்று உரைகளில் ஒரே தொடர் சொல் மாறாமல் இருந்தது. கலங்கரை விளக்கம் வேறு எல்லாவற்றிலும் ஒளிவீசியது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவி ஒருத்தியை அழைத்துக் கேட்டபோது, அவள் மறைக்கவில்லை. முதலில் தானே எழுதியதைக் குறிப்பேட்டில் காட்டினாள். அரைப் பக்கம். கடைசிப் பேருந்து வராத ஒரு மழை நாளில், பேராசிரியர் தம் வண்டியில் அவளை ஊர்வரை கொண்டுபோய் விட்டதும், வாசலில் நின்ற அவள் அப்பாவிடம் "பிள்ளை நல்லாப் படிக்குது, நிறுத்திராதீங்க" என்று சொன்னதும் அதில் இருந்தன. குறுக்கே கோடு போட்டிருந்தாள்.

"இதையே படிக்கலாமே, அம்மா?"

"அது நல்லா இல்லீங்க ஐயா. இதுதான் ஐயா நல்லா இருக்கு."

விழா மேடையில் அவள் படித்தது பொறி எழுதியதைத்தான். நாம் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமா என்று இன்றும் தெளிவில்லை. அவள் அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் அது சொன்னது அவளுக்கு எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது: உன் சொல் போதாது. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாற்பது ஆண்டுகளில் கணினி விளம்பரங்கள் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. 1981இல் உன்னாலும் முடியும் என்றார்கள். 1984இல் எழுந்து எறி என்றார்கள். அவை விற்பனைச் சொற்களே. எனினும் கேட்பவனின் கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்தன. இன்றைய சொல் கையிலிருப்பதை வாங்கிக்கொள்கிறது. உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் இயந்திரம் என்று காந்தி சொன்னபோது அவர் நினைத்தது கைகளையும் கால்களையும் ஆகலாம். நாவும் ஓர் உறுப்புத்தான்.

'மாடர்ன் டைம்ஸ்' படத்தின் இறுதிப் பகுதியில், உணவு விடுதி ஒன்றில் நாடோடி பாட வேண்டியிருக்கிறது. பாட்டு நினைவில் நிற்கவில்லை. ஆகவே தோழி அவன் சட்டையின் மணிக்கட்டுப் பட்டையில் வரிகளை எழுதித் தருகிறாள். மேடையேறிக் கையை வீசியதும் பட்டை பறந்து போய்விடுகிறது. அவன் திகைத்து நிற்கிறான். சொற்கள் போனால் போகட்டும், பாடு என்று அவள் தொலைவிலிருந்து சைகை செய்கிறாள். எந்த மொழியிலும் இல்லாத ஏதேதோ ஒலிகளை அவன் பாடுகிறான். அவை ஆரவாரம் செய்கிறது. அதுவரை எத்தனையோ படங்களில் வாய் திறந்து கேட்காத அந்த நாடோடியின் குரலை உலகம் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

அந்தக் காட்சியை அடுத்த வகுப்பில் மாணவர்களுக்குக் காட்ட எண்ணியிருக்கிறோம்.